புதிய தத்துப்பூச்சி இனத்தை விவரிக்க ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கி: பயன்படுத்தியவரின் மதிப்புரை

இலைத் தத்துப்பூச்சிகளில் புதிய இனம் ஒன்றை முறைப்படி விவரித்து எழுதுவதற்கு, 7 மடங்கிலிருந்து 45 மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டும் நடுத்தர ஸ்டீரியோ ஜூம் நுண்ணோக்கி போதுமா என்று கேட்பவர்கள் பலர். வாங்கும் எண்ணத்தோடு இதைப் படிப்பவர்களுக்காக விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடித்து வந்த பூச்சிகளை வகை பிரிக்கவும், ஆண் பூச்சியின் வயிற்றைத் திறந்து பிறப்புறுப்புகளைச் சேதமின்றி வெளியே எடுக்கவும், உடலளவுகளைக் குறிக்கவும் இந்தக் கருவி தாராளமாகப் போதும். ஆய்வுக் கட்டுரையில் இடம்பெறத்தக்க படத்தை எடுக்கப் போதாது. கருவியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் வளைய விளக்கு எதற்குமே போதாது.

நான் மதிப்பிடும் கருவி, 0.7 முதல் 4.5 வரை ஜூம் ஆகும் பொருளருகு லென்ஸ், 10 மடங்கு கண்ணருகு லென்ஸ்கள், ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் வேலைத்தூரம் (லென்ஸுக்கும் மாதிரிக்கும் இடையிலான இடைவெளி), கேமராவுக்கென மூன்றாவது குழல், மேலே வளைய எல்இடி விளக்கு, அடித்தட்டில் இன்னொரு எல்இடி விளக்கு என்ற அமைப்பைக் கொண்டது. இதே அமைப்பு பல நிறுவனங்களின் முத்திரையோடு விற்பனைக்கு வருவதால், ஒரு பெயரைச் சொல்வதைவிட அமைப்பைச் சொல்வதே வாசகருக்குப் பயன்படும். பூச்சியின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. விவரணை வெளிவருவதற்கு முன்பு பெயர் மட்டும் தனியாக உலவத் தொடங்கினால், விலங்குப் பெயரிடல் விதிகளின்படி அது செல்லுபடியாகாத வெற்றுப் பெயராகவே நிற்கும். பின்னால் வருபவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும். டைஃப்லோசைபினே துணைக்குடும்பத்தில், எம்போஸ்கா பேரினத்துக்கு நெருக்கமான, நீளத்தில் மூன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாத ஒரு வெளிர்பச்சைப் பூச்சி என்பது இங்கே போதுமான அறிமுகம்.

தத்துப்பூச்சிக் குடும்பமான சிகடெல்லிடேயில் இதுவரை 20,000-க்கும் அதிகமான இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. நெற்பயிரில் துங்ரோ நோயைப் பரப்பும் நெஃபோடெட்டிக்ஸ் விரெசன்ஸ் போல உழவர்கள் நன்கு அறிந்த இனங்கள் அவற்றுள் மிகச் சிறுபான்மை. எஞ்சியவற்றுள் ஏராளமானவை, பக்கத்து இனத்திலிருந்து வேறுபாடே தெரியாத சிறு பூச்சிகள். 1758-இல் லின்னேயஸ் சிகடா விரிடிஸ் என்று பெயரிட்ட பூச்சிக்கு, அதாவது இன்று சிகடெல்லா விரிடிஸ் எனப்படும் இனத்துக்கு, வெளித்தோற்றத்தைச் சொல்லும் சில சொற்களே போதுமானவையாக இருந்தன. இன்றோ, அதுவும் எம்போஸ்காவைச் சுற்றியுள்ள பச்சைப் பூச்சிகளில், நிறமும் உருவமும் எதையும் தீர்மானிப்பதில்லை. ஆண் பிறப்புறுப்பின் வடிவத்தைக் காட்டாமல் ஓர் இனம் புதியது என்று எவரையும் நம்பவைக்க முடியாது. ஆகவே, இந்த வேலைக்கான நுண்ணோக்கியை அதன் உச்சப் பெரிதாக்கத்தைக் கொண்டு எடைபோடுவதில் பொருளில்லை. கிளிசரினுக்குள் மிதக்கும், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஓர் உறுப்பை, இரண்டு கைகளிலும் ஊசி பிடித்தபடி, கண்ணும் கழுத்தும் நோகாமல் மணிக்கணக்கில் பார்க்க முடிகிறதா என்பதையே நான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

பொருத்தும் முறையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூணின் மேல் தலைப்பகுதியை மாட்டி, இரு கண்ணருகு லென்ஸ்களையும் அவரவர் பார்வைக்கேற்பத் திருகிச் சரிசெய்துகொண்டால், 7 மடங்கில் குவித்தது 45 மடங்கிலும் குவிந்தே நிற்கிறது. இந்தச் சரிசெய்தலைச் செய்யாமலேயே ஜூம் சரியில்லை என்று குறைகூறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவை மாட்டியவுடன் தலைப்பகுதி தன் எடையால் மெல்லக் கீழே இறங்கினால் அஞ்ச வேண்டாம். ஒருபக்கக் குவிப்புத் திருகைப் பிடித்துக்கொண்டு மறுபக்கத் திருகை எதிர்த்திசையில் திருகினால் இறுக்கம் கூடும். கையேட்டில் இது ஏதோ ஒரு மூலையில் அச்சிடப்பட்டிருக்கிறது.

ஒளிப்பொறியிலும் வலைவீச்சிலும் கிடைத்த குவியலை எத்தனாலோடு தட்டில் ஊற்றி 7 மடங்கில் பார்க்கும்போது, ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் அகலமான பரப்பு ஒரே பார்வையில் அடங்குகிறது. பின்னங்காலின் டிபியா எனப்படும் நீண்ட கணுப்பகுதி நெடுகிலும் வரிசை வரிசையாக முட்கள் இருந்தால் அது தத்துப்பூச்சி. ஓரிரு தடித்த முட்களும் நுனியில் ஒரு முள்வட்டமும் மட்டும் இருந்தால் நுரைக்குள் வாழும் குஞ்சுகளைக் கொண்ட பூச்சி வகை. நுனியில் அசையக்கூடிய குதிமுள் ஒன்று இருந்தால், புகையான் சேர்ந்துள்ள டெல்ஃபாசிடே குடும்பம். இந்த மூன்றையும் 15 மடங்கிலேயே ஐயமின்றிப் பிரித்துவிட முடிகிறது; அதற்கு இந்தக் கருவியின் தெளிவு மிகையாகவே இருக்கிறது. பரப்பின் விளிம்பில் சற்று மங்கல் உண்டு என்றாலும், பிரிக்கும் வேலையில் அது உறுத்தவில்லை.

துணைக்குடும்பத்தையும் குழுவையும் நிச்சயிப்பதற்கு இறகு நரம்புகளைப் பார்க்க வேண்டும். டைஃப்லோசைபினேயில் முன்னிறகின் நீள்நரம்புகள் அடிப்பகுதியில் மங்கி, நுனியை நெருங்கும்போதுதான் தெளிவடையும். குழுக்களைப் பிரிப்பது பெரும்பாலும் பின்னிறகின் நரம்பமைப்பு. அந்தப் பின்னிறகோ நிறமற்ற, ஒளி ஊடுருவும் மெல்லிய சவ்வு. அடித்தட்டு விளக்கை ஏற்றியதும் வெள்ளைப் பரப்பில் வெள்ளைச் சவ்வு கரைந்துபோய் ஒன்றுமே தெரிவதில்லை. ஒரு கறுப்பு அட்டைத் துண்டை அடித்தட்டுக் கண்ணாடியின் பாதியை மறைக்குமாறு மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தால், ஒளி சாய்வாக விழத் தொடங்கும் ஒரு கட்டத்தில் நரம்புகள் திடீரென்று எழுந்து நிற்கின்றன. இதைவிட உயர்ந்த வகைக் கருவிகளில் இதற்கென்றே சாய்க்கக்கூடிய கண்ணாடி இருக்கும், இதில் இல்லை. அட்டைத் துண்டு அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்துவிடுவதால் இதற்காக நான் மதிப்பெண் குறைக்கவில்லை.

விளக்கைப் பற்றித்தான் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தத்துப்பூச்சியின் தலையும் முன்மார்பும் வழவழப்பானவை. வளைய விளக்கில் உள்ள ஒவ்வொரு எல்இடியும் அவற்றின் மேல் தனித்தனி வெள்ளைப் புள்ளியாகப் பிரதிபலிப்பதால், உச்சந்தலையில் ஒரு புள்ளி வளையம் எப்போதும் குடியிருக்கிறது. விவரணையில் முக்கியமாகக் குறிப்பிட வேண்டிய வெளிர்மஞ்சள் கோடுகளும், தலையின் முன்விளிம்பில் அரைகுறையாகத் தேய்ந்து காணப்படும் தனிக்கண்களும் அந்த வளையத்துக்கு அடியில்தான் மறைந்துகிடக்கின்றன. ஒளியைக் கூட்டினால் கூசுகிறது, குறைத்தால் நிறம் மாறுகிறது. மாதிரியைச் சுற்றி மெல்லிய வெள்ளைத் தாளை உருளையாக நிறுத்தி, வெளியிலிருந்து குழைகழுத்து விளக்குகள் இரண்டினால் ஒளியூட்டியபோதுதான் முகத்தின் உண்மையான நிறவமைப்பு முதன்முறையாகத் தெரிந்தது. விளக்கின் நீலச்சாயல் வேறு, வெளிர்பச்சையை நீலப்பச்சையாகக் காட்டுகிறது. இறந்த பூச்சியில், அதிலும் எத்தனாலில் இட்டதில், பச்சை நிறம் தானாகவே மங்கி மஞ்சளாகிவிடும் என்பதால் நிறத்தைப் பற்றிய குறிப்பை உயிருள்ள பூச்சியிலிருந்து எடுப்பதே நல்லது; அப்படி எடுக்கும் நேரத்தில் விளக்கும் பொய் சொன்னால் விவரணையில் எழுதும் நிறத்துக்கு மதிப்பே இல்லை. ஒரு நன்மையையும் சொல்லிவிட வேண்டும்: பழைய ஹாலஜன் விளக்குகளின் சூட்டில் தட்டிலுள்ள எத்தனால் ஆவியாகிக்கொண்டே இருக்கும், நீரோட்டத்தில் பூச்சியும் சுழலும், எல்இடியில் அந்தத் தொல்லை இல்லை.

ஒளி சரியானவுடன் இன்னொன்று கண்ணில் படும். இறகின் மேல் வெண்பொடி தூவியது போன்ற திட்டுகள் தென்பட்டால் அவற்றை நிறவமைப்பு என்று எழுதிவிடக் கூடாது. அவை புரோகோசோம்கள். தத்துப்பூச்சி தன் கழிவுறுப்புகளான மால்பீஜியன் குழாய்களில் சுரந்து, கால்களால் உடல் முழுவதும் பூசிக்கொள்ளும் நுண்துகள்கள். பெரும்பாலானவற்றின் விட்டம் 0.2 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவை கால்பந்தின் அமைப்பை ஒத்த உள்ளீடற்ற உருண்டைகளாகத் தெரியும். 1950-களின் தொடக்கத்தில்தான் அவை முதன்முதலாகப் பார்க்கப்பட்டன. நாம் பேசும் கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர் என்பதால், எவ்வளவு முயன்றாலும் வெண்பொடிக்கு மேல் எதுவும் தெரியாது. ஈரத்தூரிகையால் ஒரு மாதிரியின் இறகை மெல்லத் தொட்டு, திட்டு அகல்கிறதா என்று பார்த்துவிடலாம். ஹோலோடைப்பாக, அதாவது புதிய இனப்பெயருக்கு ஆதாரமாக நிற்கும் ஒரே மாதிரியாக, ஒதுக்கி வைத்ததில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

இனி, கருவி தன் விலைக்கு நியாயம் செய்யும் இடத்துக்கு வருகிறேன். உலர்ந்த மாதிரியாக இருந்தால் ஈரமூட்டி இளக்கியபின் வயிற்றை அடிப்பகுதியில் மெல்ல நெம்பிப் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்த வயிறு 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், இளஞ்சூட்டில் சில நிமிடங்களோ அறைவெப்பத்தில் ஓர் இரவோ கிடந்தால், தசையும் கொழுப்பும் கரைந்து புறக்கூடு மட்டும் தெளிவாக மிஞ்சுகிறது. தண்ணீரில் கழுவி, குழிவுச் சில்லில் ஒரு சொட்டுக் கிளிசரினுக்கு மாற்றிய பிறகுதான் உண்மையான சோதனை. 25 மடங்கில் வைத்தால் வயிற்றின் நுனிப்பகுதி முழுவதும் பார்வைக்குள் வருகிறது: இருபுறமும் பிறப்புறுப்பைச் சூழ்ந்திருக்கும் பைகோஃபரின் மடல்கள், அடியில் தடித்த முள்மயிர்கள் வரிசையாக நிற்கும் இரு தட்டுகள், அவற்றுக்கு உள்ளே மெல்லிய வளைந்த ஸ்டைல்கள், அவை இரண்டையும் இணைக்கும் கனெக்டிவ், நடுவில் விந்தைச் செலுத்தும் உறுப்பான ஏடியாகஸ். 100 மில்லிமீட்டர் வேலைத்தூரம் இருப்பதால் கைகளுக்கும் ஊசிப்பிடிகளுக்கும் லென்ஸுக்கு அடியில் தாராளமாக இடம் இருக்கிறது. பிம்பம் தலைகீழாகாமல் நேராகத் தெரிவதால் ஊசியை வலப்பக்கம் நகர்த்தினால் வலப்பக்கமே நகர்கிறது.

இந்த வேலையில் கிரீனோ வகை அமைப்பின் பயன் தெரிகிறது. இரு கண்களுக்கும் தனித்தனியாக, ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்த இரண்டு முழுமையான ஒளிப்பாதைகள் இருப்பதால் ஆழ உணர்வு மிக நன்றாகக் கிடைக்கிறது. கனெக்டிவின் விளிம்பில் ஊசிமுனை மேலே நிற்கிறதா, அடியில் நுழைந்துவிட்டதா என்பதில் ஐயமே எழுவதில்லை. ஏடியாகஸை அதன் இணைப்பிலிருந்து விடுவிக்கும்போது நுனியிலுள்ள நீட்சி முறியாமல் காப்பாற்றுவது இந்த ஆழ உணர்வுதான். விடுபட்டதும் 45 மடங்குக்கு ஜூம் செய்தேன். தேன்நிறத் தண்டு ஒன்று மேல்நோக்கி வளைந்து, நுனிக்குச் சற்று முன்னால் இரண்டு நீட்சிகளாகக் கிளைத்து, அவற்றில் ஒன்று பின்பக்கமாக மடங்கியிருந்தது. பக்கத்து இனங்கள் எவற்றிலும் இந்த மடக்கு பதிவாகவில்லை என்பதே விவரணைக்கு அடிப்படை. மடக்கு இருப்பதை இந்தக் கருவி காட்டிவிட்டது; மடக்கின் உள்விளிம்பில் பற்கள் உண்டா என்பதைக் காட்டவில்லை. அதற்கு 200 மடங்குக்கு மேல் பெரிதாக்கும் கூட்டு நுண்ணோக்கியிடம்தான் போக வேண்டும். எந்த ஸ்டீரியோ நுண்ணோக்கியிடமும் அதை எதிர்பார்ப்பது முறையல்ல.

குறை ஒன்று உண்டு. 45 மடங்கில் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் மட்டுமே. ஏடியாகஸின் வளைவைத் தொடர வேண்டுமானால் இடைவிடாமல் குவிப்பை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கருவியில் நுண்குவிப்புத் திருகு கிடையாது. பெருந்திருகை மயிரிழை அளவு அசைத்தாலும் குவிப்பு தாண்டிப்போகிறது. தனியாக நுண்குவிப்புத் திருகுள்ள தாங்கியைப் பிறகு வாங்கிப் பொருத்திக்கொள்ள முடியும் என்பதால் இது தீராத குறையன்று.

வயிற்றைத் திறக்கும் முன்பே 30 மடங்கில் வெளிப்புறத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்ளும்படி புதிதாக இத்துறைக்கு வருபவர்களுக்குச் சொல்வேன். டிரையினிடே குளவியின் புழு தத்துப்பூச்சியின் உடலில் பை ஒன்றைப் புடைக்கவைத்து வளரும். ஸ்டிரெப்சிப்டெரா ஒட்டுண்ணிகள் வயிற்று வளையங்களுக்கிடையே தலைகாட்டும். பைபன்குலிடே ஈயின் புழு உள்ளேயே கிடக்கும். இவற்றால் தாக்கப்பட்ட ஆண் பூச்சிகளில் பிறப்புறுப்பு குறைவளர்ச்சியடைந்து உருமாறியிருக்கக்கூடும். அப்படிப்பட்ட ஒன்றைப் புதிய இனம் என்று விவரித்துவிட்டால் அந்தப் பெயர் அறிவியலுக்கு நெடுங்காலம் பாரமாகக் கிடக்கும். புடைத்த பை, வளையங்களுக்கிடையே நீட்டியிருக்கும் பழுப்பு நிற முனை ஆகியவற்றை இந்தக் கருவி பளிச்சென்று காட்டுகிறது.

அளவிடும் வேலைக்கு, 10 மில்லிமீட்டரை 100 பிரிவுகளாகப் பிரித்த அளவுகோல் சில்லைக் கண்ணருகு லென்ஸுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். ஜூம் 1-இல் நிற்கும்போது ஒரு பிரிவு 0.1 மில்லிமீட்டர், 4-இல் 0.025 மில்லிமீட்டர். தலையின் அகலம், உச்சந்தலையின் நடுநீளம், முன்மார்பின் அகலம், தலைமுனையிலிருந்து மடக்கிய இறகுகளின் நுனிவரையான நீளம் ஆகிய வழக்கமான அளவுகளுக்கு இது போதும். ஜூம் திருகில் முழு எண்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சொடுக்கு உண்டு. 1, 2, 3 ஆகியவற்றில் அது உறுதியாக நிற்கிறது, 4-இல் சற்றுத் தளர்வாக இருக்கிறது. ஆகவே 4-இல் அளப்பதாக இருந்தால், 1 மில்லிமீட்டரை 100 கூறாகப் பிரித்த மேடை அளவுகோலை வைத்து ஒவ்வொரு அமர்விலும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. இது வீண் கெடுபிடி போலத் தோன்றலாம். யூசெலிஸ் பேரினத்தில் தனித்தனி இனங்களாகக் கருதப்பட்ட சில வடிவங்கள், பகல் நீளத்துக்கேற்ப மாறும் ஒரே இனத்தின் பருவ வடிவங்களே என்று 1950-களில் ஹெச். ஜே. முல்லர் பூச்சிகளை வளர்த்துக் காட்டினார். அவற்றில் ஏடியாகஸின் வடிவமே மாறியிருந்தது. ஒரே ஓர் ஆணை வைத்து எழுதாமல், பல ஆண்களை, முடிந்தால் வெவ்வேறு பருவங்களில் பிடித்தவற்றை, அளந்து ஒப்பிட வேண்டியிருப்பதன் காரணம் இதுதான். சென்ற பருவத்தில் எடுத்த அளவும் இந்தப் பருவத்தில் எடுத்த அளவும் ஒரே ஜூமில் எடுத்தவை என்ற உறுதி இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை.

விளம்பரத்தில் 180 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கணக்கு சரிதான்: 4.5 மடங்கு பொருளருகு லென்ஸ், அதன் அடியில் 2 மடங்கு துணைலென்ஸ், மேலே 20 மடங்கு கண்ணருகு லென்ஸ், பெருக்கினால் 180. ஆனால் 20 மடங்கு கண்ணருகு லென்ஸ் ஏற்கெனவே தெரிவதைப் பெரிதாக்குமேயன்றிப் புதிய நுணுக்கம் எதையும் சேர்க்காது. பார்வைப் பரப்பு சுருங்கி, பிம்பம் இருண்டுபோவதுதான் கண்ட பலன். அதை வாங்க வேண்டாம். 2 மடங்கு துணைலென்ஸ் அப்படியன்று. அது நுணுக்கத்தை உண்மையாகவே கூட்டுகிறது, கனெக்டிவின் வடிவம் அதில் நன்றாகத் தெரிகிறது. எனினும் வேலைத்தூரம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டராகக் குறைவதால் ஊசிப்பிடி லென்ஸில் இடிக்கிறது, கிளிசரின் தெறித்து அதன் கண்ணாடியில் ஒட்டுகிறது. வெட்டியெடுக்கும்போது கழற்றிவைத்து, எடுத்த உறுப்பைப் பார்க்கும்போது மட்டும் மாட்டிக்கொள்வதே சரியான பயன்பாடு.

கேமராக் குழல் என்னை ஏமாற்றிய பகுதி. நெம்புகோலை இழுத்தால் இடக்கண்ணுக்குரிய ஒளி முழுவதும் கேமராவுக்குப் போய்விடுகிறது. படம் பிடிக்கும்போது ஒற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கிரீனோ அமைப்பில் இரு ஒளிப்பாதைகளுக்கும் இடையே பொதுவாக 10 முதல் 12 பாகை வரை கோணம் உண்டு. கேமரா அவற்றில் ஒன்றின் வழியாக மட்டும் பார்ப்பதால், மாதிரியை நேர்மேலிருந்து பார்க்காமல் ஏறத்தாழ 5, 6 பாகை சாய்வில் பார்க்கிறது. பூச்சியை முதுகுப்புறமாக வைத்து எடுத்த படத்தில் ஒரு பக்க இறகு அகலமாகவும் மறுபக்க இறகு ஒடுங்கியும் தெரிகின்றன. இணைச்சமச்சீர் உள்ள உயிரியை விவரிக்கும் கட்டுரையில் இப்படியொரு படம் கண்ணை உறுத்தும். பல ஆழங்களில் எடுத்த படங்களை ஒன்றாக அடுக்கித் தெளிவான ஒரே படமாக்கும் முறையிலும் இந்தச் சாய்வு தொல்லை தருகிறது: தலைப்பகுதி செங்குத்தாக இறங்க, பார்வைக் கோடோ சாய்வாக இருப்பதால், ஒவ்வொரு படத்திலும் பூச்சி சற்றே பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. மென்பொருள் அதைச் சீரமைக்க முயன்றாலும் முள்மயிர்களின் ஓரத்தில் இரட்டை விளிம்பு தங்கிவிடுகிறது. மாதிரியை எதிர்த்திசையில் அதே அளவு சாய்த்துவைத்தால் தோற்றம் சீராகும்; பதிவுக்கும் நண்பர்களிடம் கருத்துக் கேட்பதற்கும் ஏற்ற படம் கிடைக்கும், அவ்வளவே. கட்டுரைக்கான முழுவுடல் படத்தை மேக்ரோ லென்ஸ் பொருத்திய கேமராவிலும், பிறப்புறுப்பின் படத்தைக் கூட்டு நுண்ணோக்கியிலும் எடுத்தேன். கோட்டுச் சித்திரங்களையும் கூட்டு நுண்ணோக்கியில், பிம்பத்தைப் பார்த்தபடியே தாளில் வரைய உதவும் வரைகுழலை மாட்டித்தான் வரைந்தேன்.

பெயரிடல் விதிகளைப் பொறுத்தவரை படம் கட்டாயமில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். வேறுபடுத்திக் காட்டும் பண்புகளைச் சொற்களில் கூறும் விவரணை வேண்டும். 1999-க்குப் பின் வெளியாகும் இனப்பெயராக இருந்தால் ஹோலோடைப் எது என்பதையும், அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்த ஹோலோடைப், முக்கோண அட்டைமுனையில் ஒட்டி ஊசியில் ஏற்றிய ஓர் உடலும், அதே ஊசியில் கீழே செருகிய நுண்குப்பிக்குள் கிளிசரினில் கிடக்கும் வயிறுமாகத்தான் காலம் முழுவதும் இருக்கப்போகிறது. நுண்குப்பிக்குள் ஏடியாகஸை இடுக்கியால் இறக்கும் அந்தக் கணத்தில் அது குப்பியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு காணாமல்போகும் வாய்ப்பே அதிகம். குப்பியின் வாயையும் இடுக்கியின் முனையையும் ஒரே பார்வையில், போதிய ஆழத்தோடு காட்டும் 10 மடங்கில் இந்தக் கருவி எனக்கு ஒருமுறையும் கைகொடுக்காமல் இருந்ததில்லை.

வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை இது. அருகிலுள்ள கல்லூரியிலோ ஆய்வகத்திலோ கூட்டு நுண்ணோக்கியைப் பயன்படுத்த வழியிருந்தால், இதே தலைப்பகுதியை மூன்றாவது குழல் இல்லாத வடிவத்தில், வளைய விளக்கைத் தவிர்த்து வாங்குங்கள். மிச்சப்படும் தொகைக்குக் குழைகழுத்து எல்இடி விளக்கு இரண்டு, 2 மடங்கு துணைலென்ஸ், அளவுகோல் சில்லு, மேடை அளவுகோல் ஆகியவை அடங்கும். கூட்டு நுண்ணோக்கிக்கு வழியே இல்லையென்றால், இதில் கேமராவுக்குச் செலவிடுவதற்குப் பதிலாக, எளிய கூட்டு நுண்ணோக்கி ஒன்றை வாங்கி அதன் குழலில் கேமராவை மாட்டிக்கொள்ளுங்கள். ஏடியாகஸின் பற்களை எண்ண அதுதான் வேண்டும்.